பையிலிருக்கும் கத்தியும் கையிலிருக்கும் கத்தியும்

“எழுதுவதற்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா?” என்று மலர்க் குழுவைச் சேர்ந்த நண்பர் என்னைக் கேட்டார். ஒரே மடக்குக் கத்தியில் இருவகை உண்டு, அவற்றுள் எதைப் பையில் வைத்துக்கொள்வது என்பதுபற்றி எழுதப்போகிறேன் என்று நான் சொன்னதற்கு அவர் தந்த மறுமொழி அது. நாட்டில் ஆயிரம் சிக்கல்கள் இருக்கின்றன: மொழிச் சிக்கல், வேலைச் சிக்கல், விடுதிச் சாம்பார்ச் சிக்கல். இவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கத்தியா என்பது அவர் வருத்தம்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சென்ற ஆண்டு மார்ச்சுத் திங்களில் நம் மன்றத்தின் கூட்டத்தில் நான் ‘உருக்கு’ என்னும் பொருள்பற்றிப் பேசினேன். பேச்சின் முடிவில் சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்துக் காட்டி, “தமிழன் கையில் இருக்கத்தக்க கத்தி இதுதான்” என்று முழங்கினேன். நீங்கள் கைதட்டினீர்கள். நான் சொன்னது தவறு. அதைத் திருத்திக்கொள்ள வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. கைதட்டிய வகையில் உங்களுக்கும் அதில் சிறு பங்கு உண்டு.

கத்தி வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மன்றத்து மூத்த உறுப்பினர், ஆய்வு மாணவர் ஒருவர் இருக்கிறார். பெயரைப் போட்டால் சினம் கொள்வார். ஆகவே அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன். அவர் பிரான்சு நாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆறு திங்கள் பணிசெய்துவிட்டுத் திரும்பினார். வந்தவர் மேசைமேல் இரண்டு மடக்குக் கத்திகளை வைத்தார். “தம்பி, ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. எது வேண்டுமோ நீயே எடுத்துக்கொள். எடுத்த பிறகு மாற்றித் தா என்று வந்து நிற்கக்கூடாது” என்றார்.

இரண்டும் ஒப்பினல் கத்திகள். எட்டாம் எண் அளவு. ஆல்ப்சு மலைப் பகுதியான சவாயில், அரிவாளும் கோடரியும் அடிக்கும் தந்தையின் பட்டறையில், சோசப்பு ஒப்பினல் என்னும் இளைஞர் 1890-இல் செய்யத் தொடங்கிய கத்தி இது. குடியானவர்களுக்கென்று செய்தது. பீச்சு மரத்தாலான கைப்பிடி. அதில் ஒரு பிளவு. பிளவுக்குள் மடங்கிக்கொள்ளும் எட்டரைச் செண்டிமீட்டர் அலகு. வேறு பகட்டு ஒன்றும் இல்லை. 1955-இல் மார்செல் ஒப்பினல் என்பவர் கைப்பிடியின் கழுத்தில் திருகும் வளையம் ஒன்றைச் சேர்த்தார். அலகை விரித்தபின் வளையத்தைத் திருகிவிட்டால் அது விரல்மேல் மடங்கி விழாது. இந்த வளையம் இருவகைக்கும் பொது. மழைக்காலத்தில் மரம் ஊறிப் பெருத்து அலகை இறுகப் பிடித்துக்கொள்வதும் இருவகைக்கும் பொது. அப்போது கைப்பிடியின் அடிப்பகுதியை மேசைமேல் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலைநீட்டும்.

வேறுபாடு அலகில் மட்டுமே. ஒன்றில் ‘கார்பொன்’ என்று பொறித்திருக்கும், அது கரியெஃகு. இரும்போடு ஏறத்தாழ ஒரு விழுக்காடு கரி. குறிப்பிடத்தக்க வேறு உலோகம் இல்லை. மற்றொன்றில் ‘இனாக்ஸ்’ என்றிருக்கும்; அது துருவேறா எஃகு. கரி அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். குரோமியம் 13 அல்லது 14 விழுக்காடு. எடை ஒன்று, வடிவம் ஒன்று. கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

நான் ஒரு நொடியும் தயங்கவில்லை. கரியெஃகை எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்பதுதான் இக்கட்டுரையின் சிக்கலே.

மாணவனுக்குக் கத்தி எதற்கு என்று ஒருவர் இடையே கேட்கலாம். அப்படிக் கேட்பவருக்கு ஊரிலிருந்து பொதி வருவதில்லை என்று கருதுகிறேன். நம் அம்மாக்கள் முறுக்கையும் பருப்புப்பொடியையும் முதலில் ஒட்டுநாடாவாலும், பிறகு சணல் கயிற்றாலும், அதன்மேல் மீண்டும் ஒட்டுநாடாவாலும் அரண் அமைத்து அனுப்புகிறார்கள். கத்தியில்லாதவன் பல்லால் கடித்துப் பிரிக்கவேண்டும். அதைத் தவிரக் கொய்யாப்பழம் உண்டு, பென்சில் உண்டு, கொடிக்கயிறு உண்டு. அச்சம் கொள்வோருக்கு ஒரு செய்தி: படைக்கல விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான் படைக்கலப் பட்டியலில் வைக்கின்றன, அவற்றுள்ளும் வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் என்று அமைந்தவற்றை விலக்கியிருக்கின்றன. நம் கத்தி மூன்றரை அங்குலத்தையும் எட்டாது. ஆனால் சட்டம் வேறு, வாயிற்காவலர் வேறு. வானூர்தியில் கைப்பைக்குள் இதை வைக்கக்கூடாது. மெட்ரோ நிலையத்துச் சோதனைப் பொறியின் முன்னால் நின்று ஒப்பினலின் வரலாறு சொல்லிக்கொண்டிருக்கவும் முடியாது. அந்நாட்களில் அது அறையிலேயே இருக்கட்டும்.

இனி உருக்குக்கு வருகிறேன். மேலைநாட்டார் ‘வூட்ஸ்’ என்று எழுதிவைத்த எஃகு நம் தென்னாட்டு எஃகு. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘உக்கு’ என்றும் தமிழில் ‘உருக்கு’ என்றும் வழங்கும் சொல்லே அப்படித் திரிந்தது என்பது அறிஞர் பலர் கொள்கை. சிறு மண்மூசைக்குள் இரும்பை வைத்து, அதனோடு ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் போன்றவற்றை இட்டு, வாயை மூடி, பல மணி நேரம் ஊதி உருக்கினார்கள். கட்டையின் கரி இரும்போடு கலந்து எஃகாயிற்று. கரியின் அளவு ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை. மேல்சிறுவளூரில் கிடைத்த மூசைத் துண்டுகளைச் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நொய்யலாற்றங்கரைக் கொடுமணலிலும் பழைய இரும்புத் தொழிலின் தடங்கள் கிடைத்திருக்கின்றன. நாம் இப்போது வாழும் இத்தெலங்கானத்திலோ, நிசாமாபாத் மாவட்டத்துக் கோணசமுத்திரம் என்னும் ஊர் இத்தொழிலுக்குப் பேர்போனது. பாரசீக வணிகர்கள் அங்கே வந்து எஃகுக் கட்டிகளை வாங்கிச் சென்றதை ஹென்றி வோய்சி என்னும் நிலவியல் அறிஞர் எழுதிவைத்தார். அக்குறிப்பு 1832-இல் அச்சேறியது. பழைய வாட்களைக் காணவேண்டுமானால் சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் படைக்கலப் பகுதிக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் மிகுதி. வேறு நாளில் போவது நல்லது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டுத்தான் நான் அந்த மேடையில் ஏறினேன். நம் முன்னோர் உருக்கியது கரியெஃகு. என் பையில் இருப்பதும் கரியெஃகு. ஆகவே இதுவே தமிழனுக்குரிய கத்தி! மேடையில் நின்று சொல்லும்போது இது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? வேதியியல் முதுகலை படிக்கிறவன் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, இதை எதற்குப் பயன்படுத்தப்போகிறோம் என்ற கேள்வியை முதலில் கேட்கவேண்டும். நான் அக்கேள்வியைக் கேட்கவேயில்லை. என் அறைத்தோழர் தெலுங்கர். அதுவும் நிசாமாபாத் மாவட்டத்துக்காரர். கூட்டத்துக்கு வந்திருந்தார். “நீ சொன்ன ஊர் எங்கள் ஊருக்குப் பக்கம். அப்படியானால் இது தமிழன் கத்தியா, தெலுங்கன் கத்தியா?” என்று கேட்டார். பிரெஞ்சுக்காரன் கத்தியப்பா என்று அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மார்ச்சு போயிற்று, ஏப்பிரல் போயிற்று. ஐதராபாத்தின் கோடையை நீங்கள் அறிவீர்கள். காற்றில் ஈரப்பசையே இராது. துணி காய்வதற்கு முன் மனிதன் காய்ந்துவிடுவான். அலகில் ஒரு புள்ளி துருவும் இல்லை. என் பெருமையும் குன்றவில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்குமேல் போனால்தான் இரும்பு விரைந்து துருவேறும். உப்பும் வியர்வையும் சேர்ந்தால் இன்னும் விரையும். கோடை முழுதும் என் கத்தி தேர்வே எழுதாமல் தேறிக்கொண்டிருந்தது.

விடுமுறைக்கு ஊர் போனேன். கத்தியை மேசை அறைக்குள் வைத்துவிட்டுப் போனேன். போவதற்கு முதல்நாள் ஒரு கொய்யாவை அரிந்ததும், ஈரத்தைச் சட்டையில் ஒருமுறை தேய்த்துவிட்டு மடக்கிப் போட்டதும் பிறகுதான் நினைவுக்கு வந்தன. சூலையில் மழையோடு திரும்பி வந்து வளையத்தைத் திருகினேன். திருகவில்லை. மரம் வீங்கியிருந்தது. ஒருவாறு அலகை வெளியே இழுத்தபோது அதன் பாதி நீளம் செந்நிறமாக இருந்தது. புளியும் பற்பசையும் கொண்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். செம்மை போயிற்று; குழிகள் நின்றன.

அப்போதும் எனக்கு அறிவு வரவில்லை. ஆகட்டுத் திங்களில் நம் மன்றம் புதுமுக மாணவர்களுக்கு வரவேற்பு நடத்தியதல்லவா? அறுபது பேருக்கு எலுமிச்சைச் சாறும் கொய்யாத் துண்டும் கொடுப்பது என் பொறுப்பு. பெருமையோடு என் கத்தியை எடுத்தேன். எலுமிச்சம்பழங்களை நறுக்கிவிட்டுச் சர்க்கரை வாங்க ஓடினேன். கத்தி சாற்றோடு தட்டில் கிடந்தது. அரை மணி நேரம் கழித்து வந்து அதே அலகால் கொய்யாவை அரிந்தேன். துண்டுகளின் ஓரமெல்லாம் கருமை. எலுமிச்சையின் புளிப்பு இரும்பைக் கரைக்கிறது; கரைந்த இரும்பு கொய்யாவின் துவர்ப்போடு சேர்ந்தால் மைபோல் கறுக்கும். பழைய காலத்தில் எழுதுமையே இப்படி இரும்பையும் துவர்ப்பையும் கலந்துதான் செய்தார்கள். நம் வீடுகளில் இரும்பு அரிவாள்மணையில் வாழைப்பூ அரிந்த அம்மாவின் கைகளை நினைத்துப் பாருங்கள். பாடமெல்லாம் தெரியும், பழத்தட்டைக் கையில் ஏந்தி நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது. புதுமுக மாணவி ஒருவர் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, மிகவும் மரியாதையாக, “அண்ணா, இதில் இரும்புச் சத்து கூடுதலாக இருக்குமோ?” என்று கேட்டார். அறைத்தோழர் பின்னாலிருந்து, “எங்கள் உக்கு இப்படிச் செய்யாது. இது உங்கள் உருக்குத்தான்” என்றார்.

சிரித்தவர்களோடு நானும் சிரித்தேன். அன்றிரவு சிரிப்பு வரவில்லை. என் பெரியப்பாவின் நினைவு வந்தது.

என் ஊர் உடன்குடிப் பக்கம். பெரியப்பா பனையேறி. அவருடைய பாளை அரிவாள் கரியெஃகுதான். ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்தது. எங்கள் ஊரில் கடற்காற்று, உப்புக்குக் குறைவேயில்லை. ஐதராபாத்தைவிடத் துருவுக்கு உகந்த இடம் அது. ஆயினும் அந்த அரிவாளில் நான் ஒருநாளும் செந்துருவைக் கண்டதில்லை. பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் ஏறுவார். ஒவ்வொரு பாளையின் நுனியையும் தாள் போல் மெல்லிதாகச் சீவவேண்டும். சற்றுத் தடித்துச் சீவினால் பாளையின் நாட்கள் குறையும். மழுங்கிய அரிவாள் பாளையை நசுக்கிவிடும், பதநீர் நின்றுவிடும். ஆகவே ஏறுமுன் தீட்டுப்பலகையில் கல்பொடியைத் தூவி அரிவாளைத் தீட்டாமல் அவர் மரத்தடிக்குப் போனதில்லை. ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோதும் என்னைக் கூப்பிட்டு, “ஏல, அந்த அரிவாளயும் பலகயயும் எடுத்தா. ஏறலேன்னாலும் தீட்டி வச்சிரணும்” என்றார். படுக்கையில் உட்கார்ந்தபடியே தீட்டினார்.

அவருடைய அரிவாளுக்குத் துருவேற நேரமே இல்லை. ஏறினாலும் அடுத்த வேளைத் தீட்டலில் போய்விடும். நாளும் உழைக்கும் இரும்பின்மேல் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலமும் படிகிறது. அதுவும் செந்துருவைச் சற்றுத் தடுக்கும். என் கத்தியோ நாள்தோறும் என்னோடு வகுப்புக்கு வருகிறது, நூலகத்துக்கு வருகிறது, உணவுக்கூடத்துக்கு வருகிறது. வாரத்துக்கு இருமுறையோ மூன்றுமுறையோ வாய் திறக்கிறது. மற்ற நேரமெல்லாம் கால்சட்டைப் பையில் வியர்வையோடு ஊறிக் கிடக்கிறது. நாளும் உடன் எடுத்துச் செல்வது ஒன்று. நாளும் பயன்படுத்துவது வேறொன்று. நான் இரண்டையும் ஒன்றென்று எண்ணினேன். பெரியப்பாவின் கையிலிருக்கும் அரிவாளுக்குரிய எஃகை என் பையிலிருக்கும் கத்திக்குத் தேடினேன். அவருடையது வேலையைத் தாங்கவேண்டும். என்னுடையது என் மறதியைத் தாங்கவேண்டும். மறதியைத் தாங்குவதற்கென்றே பிறந்தது குரோமியம் கலந்த எஃகு.

அது எவ்வாறு தாங்குகிறது? குரோமியம் காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து அலகின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் படிகிறது. இரும்பின் துரு உதிரும். உதிர்ந்த இடத்தில் மீண்டும் ஏறும். இப்படலம் உதிர்வதில்லை. கீறினாலும் காற்றுப் பட்டவுடன் தானே மூடிக்கொள்கிறது. என்றாலும் துருவே ஏறாது என்று எண்ணிவிடாதீர்கள். உப்புநீரில் நாட்கணக்கில் போட்டுவைத்தால் இதுவும் புள்ளிபுள்ளியாக அரிக்கப்படும். ஊறுகாய் சாடிக்குள் கத்தியை விட்டுவைக்கும் நண்பர் ஒருவர் மூன்றாம் தளத்தில் இருக்கிறார். அவருக்கு எந்த எஃகும் உதவாது.

இனி நம்மவர்களிடையே வேரூன்றிய ஓர் எண்ணத்தைப் பார்க்கவேண்டும். “எவர்சில்வர் கத்தி கூர் நிற்காது” என்கிறார்கள். என் அம்மாவும் சொல்வார். மேடையில் நானும் சொன்னேன். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? நம் வீட்டுத் தம்ளர்களிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். நல்ல எவர்சில்வர்ப் பாத்திரத்தின் எஃகில் குரோமியம் 18 விழுக்காடு, நிக்கல் 8 விழுக்காடு. கரியோ மிகமிகக் குறைவு. அதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் கடினமாகாது. நிக்கல் அதன் உள்ளமைப்பை மாறவிடுவதில்லை. அதில் கத்தி செய்தால் கூர் நிற்காது என்பது உண்மை. ஆனால் கத்திக்கென்று வகுத்த துருவேறா எஃகு வேறு. அதில் நிக்கல் சேர்ப்பதில்லை. கரி போதிய அளவு இருக்கிறது. ஆகவே தோய்த்தால் கடினமாகிறது. ஐயமிருந்தால் காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நல்ல தம்ளர்களில் காந்தம் ஒட்டாது. இனாக்ஸ் அலகில் பட்டென்று ஒட்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றாகிவிடுமா? நம் மன்றத்தில் மூன்று செந்தில்கள் இருக்கிறார்கள். ஒருவர்தான் சந்தா கட்டியிருக்கிறார்.

இந்தப் பழிச்சொல் நம்மோடு தொடங்கியதும் அன்று. செபீல்டு நகரில் ஆரி பிரியர்லி 1913-இல் ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் சேர்த்த எஃகை உருக்கி, இது கத்திகளுக்கு ஆகும் என்றபோது, அவ்வூர்க் கத்தி செய்வோர் நம்பவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரை எள்ளினார்கள். பழைய எஃகைக் காய்ச்சும் சூட்டிலேயே புதிய எஃகையும் காய்ச்சினால் அது சரியாகக் கடினமாகாது. கூடுதல் சூடு வேண்டும். வேலைமுறை பிடிபட்டபின் அதே செபீல்டு துருவேறாக் கத்திகளை உலகெங்கும் விற்றது.

நானே சோதித்துப் பார்த்தேன். அண்ணனிடமிருந்து இனாக்ஸ் கத்தியைக் கடன் வாங்கினேன். ஒரே கல்லில், ஒரே அளவு தேய்ப்பில் இரண்டையும் தீட்டினேன். கரியெஃகின் நிறம் மாறியிருந்ததால் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, அறைத்தோழர் கையில் வைக்கும் கத்தியால் செய்தித்தாளை வெட்டி, இது எது என்று சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. சரியாகச் சொன்னதும் உண்டு. தவறாகச் சொன்னதும் அதே அளவுக்கு உண்டு. தக்காளியிலும் அப்படியே. ‘கையில் எடுத்தாலே தெரிந்துவிடும்’ என்று மேடையில் சொன்னவன் நான்! அட்டைப்பெட்டிகளை அறுத்து இரண்டையும் மழுங்கச் செய்தபோது ஒரு வேறுபாடு தெரிந்தது. கரியெஃகு கல்லில் விரைவாகக் கூர் ஏறியது. இனாக்ஸுக்குக் கூடுதல் நேரம் ஆயிற்று. குரோமியக் கரிமத் துகள்கள் கடினமானவை; கல்லோடு மல்லுக்கு நிற்பவை. இதை மறைக்க நான் விரும்பவில்லை. நாளும் தீட்டுகிறவருக்கு இது பெரிய வேறுபாடு. திங்களுக்கு ஒருமுறை தீட்டுகிற எனக்கு, ஒரு பாட்டுக் கூடுதலாகக் கேட்கும் நேரம்.

சாணைச் சக்கரம்பற்றி ஒரு சொல். இங்கே தெருவில் மிதிவண்டியில் வரும் சாணைக்காரரிடம் எந்தக் கத்தியையும் கொடுக்கலாம்; மெல்லிய அலகை மட்டும் உலர்ந்த சக்கரத்தில் நெடுநேரம் பிடிக்கவிடாதீர்கள். பொறி பறக்கும், பார்க்க அழகாக இருக்கும், விளிம்பு நீலநிறம் கொண்டதென்றால் எஃகின் கடினம் அவ்விடத்தில் போய்விட்டது என்று பொருள். கரியெஃகு இதில் மிகவும் மென்மையான பிள்ளை.

“அப்படியானால் உருக்கின் பெருமையை விட்டுக்கொடுக்கிறாயா?” என்று சினந்து கேட்கும் நண்பர் நம்மிடையே இருப்பார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு செய்தி. இலண்டனில் மைக்கேல் பாரடே, மின்னியலில் புகழ்பெறுவதற்கு முன், சேம்சு சிடோடார்ட்டு என்னும் கத்தி செய்வோரோடு சேர்ந்து 1819-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்திய உருக்கை ஆராய்ந்தார். அதன் மேன்மை எதனால் வந்தது என்று காண விரும்பி, எஃகோடு வெவ்வேறு உலோகங்களைக் கலந்து பார்த்தார்கள். வெள்ளியைக் கலந்தார்கள், பிளாட்டினத்தைக் கலந்தார்கள், குரோமியத்தையும் கலந்தார்கள். துருவேறா எஃகு அவர்கள் கையில் பிறக்கவில்லை. அதற்கு இன்னும் 90 ஆண்டுகள் ஆயின. என்றாலும் நம் மூசையில் உருகிய கட்டிகள் கலப்பெஃகு ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்தவற்றுள் ஒன்று. உருக்கைப்பற்றிப் பெருமை கொள்ள எவ்வளவோ இருக்கிறது. என் பையில் எந்தக் கத்தி என்பதை அது முடிவு செய்யவேண்டியதில்லை. மூசையை ஊதியவர்கள் தங்கள் காலத்தில் கிடைத்த மிகச் சிறந்த எஃகைச் செய்தார்கள். நான் என் காலத்து எஃகைத் தொட அஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ‘எல்லாரும் இனாக்ஸ் வாங்குங்கள்’ என்று சொல்ல வரவில்லை. தனி வீடு எடுத்துத் தங்கி நாளும் சமைக்கிறவர், வாரந்தோறும் கல்லில் தீட்டுவதை விரும்பிச் செய்கிறவர், கத்தியைத் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவாமல் உறங்காதவர் ஆகியோருக்குக் கரியெஃகு நல்ல துணை. தீட்டும் இன்பம் அதில் கூடுதல்; அந்த நீலச் சாம்பல் நிறமும் ஓர் அழகுதான். விடுதியில் இருந்துகொண்டு, தேர்வுக்கு முன் குளிப்பதையே மறந்துபோகும் நம்மில் பெரும்பாலோருக்கு இனாக்ஸ். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேடையில் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் எனக்குத்தான் சற்று வெட்கம்.

செப்டம்பரில் அண்ணனிடம் போய் நின்றேன். மாற்றித் தரமாட்டேன் என்று முன்பே சொன்னவர் அல்லவா? தலையைச் சொறிந்தேன். “குழி விழுந்த கத்தியைக் கொடுத்து நல்ல கத்தியை எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறாயா?” என்றார். உள்ளேயிருந்து அண்ணி, “இவர்தானே வீட்டில் காய் அரிகிறார், அவருக்கே அந்தக் கத்தி இருக்கட்டும். இந்தக் கத்தி தீட்டத் தீட்டக் கூர் ஏறவில்லை என்று நாளும் முணுமுணுக்கிறார்” என்று எனக்காக வழக்காடினார். அண்ணன் ஒரு கட்டளை இட்டார்: குழிகள் மறையும்வரை கல்லில் தேய்த்துக் கொண்டுவரவேண்டும். மூன்று மாலைப் பொழுதுகள் தேய்த்தேன். நான் வைத்திருந்த காலமெல்லாம் சேர்த்துத் தீட்டியதைவிட அந்த மூன்று நாளில் தீட்டியது மிகுதி. கொடுக்கும்போது அந்தக் கத்தி முன் எப்போதும் இல்லாத கூரோடு இருந்தது. சற்று மனம் கலங்கியது என்பதையும் ஒளிக்கவில்லை.

இப்போது அது அண்ணன் வீட்டு அடுக்களையில் நாளும் வெங்காயமும் வாழைக்காயும் அரிகிறது, முழுதும் நீலம் பாய்ந்திருக்கிறது, செந்துரு இல்லை. இனாக்ஸ் என் பையில் இருக்கிறது. சென்ற மழை முழுவதும் அதை நான் துடைக்கவும் இல்லை, நினைக்கவும் இல்லை. நேற்று ஊரிலிருந்து வந்த பொதியை அறுத்தது.

அறிவியல் மாணவன் எழுதியதை அப்படியே நம்பாதவர்கள், வரும் ஞாயிறு மாலை என் அறைக்கு வரலாம். அண்ணன் தம் கத்தியோடு வர இசைந்திருக்கிறார். கண்ணைக் கட்டத் துண்டு இருக்கிறது, செய்தித்தாளும் இருக்கிறது. எலுமிச்சம்பழம் மட்டும் அவரவரே கொண்டுவரவேண்டும்.